கேஜ் சொன்னால் அது வேதவாக்கா?

போன மழைக்காலத்தில் பக்கத்து வீட்டு அங்கிள் தன் பழைய அவுட்போர்டு எஞ்சினை எடைக்குப் போடக் கிளம்பினார். கை வண்டியில் ஏற்றிக் கயிறும் கட்டிவிட்டார். நான் ஆபீஸ் போக ஹெல்மெட்டோடு வெளியே வந்தபோதுதான் பார்த்தேன்.

"என்ன அங்கிள், எஞ்சினை எங்கே கொண்டுபோறீங்க?"

"செத்துப்போச்சு மேன். கம்ப்ரஷன் இல்லைன்னு மெக்கானிக் சொல்லிட்டான். மெஷின் வச்சே பார்த்துட்டான்."

கடைசி வார்த்தைகளைக் கவனியுங்கள். மெஷின் வச்சே பார்த்துட்டானாம். முள் ஒரு எண்ணைக் காட்டியது, எண் குறைவாக இருந்தது, கதை முடிந்தது. டாக்டர் ஸ்கேன் எடுத்துச் சொல்லிவிட்டால் மறுபேச்சு பேசாமல் வந்துவிடுகிறோமே, அதே பவ்யம்.

வண்டியை நிறுத்தச் சொல்லி அன்றைக்கு அரை நாள் லீவு போட்டேன். ஏன் என்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள். முதலில் எஞ்சினைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

ஜான்சன் சீஹார்ஸ், 18 குதிரை, இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், 1960களின் தயாரிப்பு. அந்தக் கம்பெனியின் தாய்க் கம்பெனியான அவுட்போர்டு மரைன் கார்ப்பரேஷன் 2000 டிசம்பரில் திவாலானது. ஆனாலும் இதற்கு ரிங், கேஸ்கட், இம்பெல்லர் எல்லாம் வெளியார் தயாரிப்பாகத் தேடினால் கிடைக்கும். அங்கிள் கப்பலில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். கோவாவில் இப்படிப்பட்டவர்களைத் தார்வொட்டி என்பார்கள். கரைக்கு வந்த முதல் வருஷம் செகண்ட் ஹாண்டில் வாங்கிய எஞ்சின் இது. ஜுவாரி ஆற்றில் நண்டு பிடிக்கவும் தூண்டில் போடவும் போவார். பெரிய சம்பாத்தியம் இல்லை, ஆனால் அந்த ஆறு இல்லாவிட்டால் அவர் ஆள் இல்லை.

மெக்கானிக் எடுத்த அளவு: மேல் சிலிண்டர் 55, கீழ் சிலிண்டர் 40. "நல்ல எஞ்சின்னா 150 இருக்கணும்" என்று சொல்லிவிட்டு, கிலோ கணக்கில் தானே எடுத்துக்கொள்வதாகவும் சொல்லியிருக்கிறார். இங்கேதான் எனக்குச் சுருக்கென்றது.

இனி பழைய கதை. என் சித்தப்பா குமரி மாவட்டக் கடற்கரையில் வள்ளத்தில் தொழிலுக்குப் போனவர். எண்பதுகளில் எங்கள் கடற்கரையில் அவுட்போர்டு எஞ்சின் பரவியபோது அவரும் ஒன்று வாங்கினார். மண்ணெண்ணெயில் ஓடுவது. சில வருஷங்கள் கழித்து இழுவை குறைந்தது. மெக்கானிக் கேஜ் வைத்துப் பார்த்து, "ரெண்டு சிலிண்டரும் போயாச்சு, போர் பண்ணினாலும் நிக்காது" என்றார். சித்தி வளையல் இரண்டும் அடகுக் கடைக்குப் போயின. புது எஞ்சின் வந்தது. பழையது அடிமாட்டு விலைக்கு அதே மெக்கானிக்கிடம் போனது.

அடுத்த சீசனில் அந்த எஞ்சின் வேறொரு வள்ளத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மூடியில் சித்தப்பா தன் கையால் வைத்த வெல்டிங் தழும்பு அப்படியே இருந்தது. விசாரித்தால், ஹெட் கேஸ்கட் மட்டும் மாற்றினார்களாம். சித்தப்பா சண்டைக்குப் போகவில்லை. "நாம கேட்டிருக்கணும் மக்கா, எதுனால போச்சுன்னு. கேக்கல்லியே" என்றார். அந்த வளையல் மீண்டு வர மூன்று வருஷம் ஆனது.

"எதுனால?" என்ற அந்தக் கேள்விதான் இந்தப் பதிவு. நான் மெக்கானிக் இல்லை. பொட்டி தட்டிப் பிழைப்பவன். ஞாயிற்றுக்கிழமைகளில் கை கறுப்பாவது மட்டும் ஒரு பழக்கம். அந்த அனுபவத்தில் என் கட்சி இது: பழைய டூ ஸ்ட்ரோக் எஞ்சின் மக்கர் பண்ணினால் முதலில் பார்க்க வேண்டியது கம்ப்ரஷன்தான். கார்புரேட்டரையும் காயிலையும் மாற்றிப் பணத்தைக் கரைத்துவிட்டுக் கடைசியில் கம்ப்ரஷன் பார்ப்பது மடத்தனம். ஆனால் கேஜில் வரும் எண், விசாரணையின் முதல் சாட்சி. அதையே தீர்ப்பாக எழுதுகிற மெக்கானிக்கிடம் எஞ்சினை விடக் கூடாது.

சாட்சி பொய் சொல்லுமா என்று முதலில் பார்க்க வேண்டும். சொல்லும். நிறையச் சொல்லும்.

அந்த மெக்கானிக் எப்படிப் பார்த்தார் என்று அங்கிளிடம் விசாரித்தேன். ரப்பர் கூம்பு வைத்த கேஜை பிளக் துளையில் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கயிற்றை இரண்டு தடவை இழுத்திருக்கிறார். மற்ற சிலிண்டரின் பிளக்கைக் கழற்றவில்லை. த்ராட்டில் மூடியே இருந்தது. இந்த முறையில் புது எஞ்சினையே பார்த்தாலும் ஆஸ்பத்திரிக் கேஸ் மாதிரிதான் காட்டும்.

சரியான முறை ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை. எஞ்சின் ஸ்டார்ட் ஆகும் என்றால் தண்ணீர் நிறைந்த டிரம்மில் வைத்து ஐந்து நிமிடம் ஓட்டிச் சூடாக்க வேண்டும். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் பம்ப் இம்பெல்லர் கருகிவிடும், அது தனிச் செலவு. பிறகு இரண்டு பிளக்குகளையும் கழற்ற வேண்டும். அப்போதுதான் கயிறு லேசாகவும் ஒரே வேகத்திலும் வரும். பிளக் வயர்கள் இரண்டையும் எஞ்சின் உடம்போடு சேர்த்து எர்த் பண்ணிவிட வேண்டும். துளை வழியாகப் பெட்ரோல் ஆவி பீச்சும்போது பக்கத்தில் பொறி பறந்தால் புருவம் போகும். காயிலுக்கும் அது நல்லது. த்ராட்டிலை முழுக்கத் திறந்து வைத்து, திருகி மாட்டும் வகை கேஜைப் பொருத்தி, முள் மேலே ஏறுவது நிற்கும்வரை கயிற்றை முழு நீளத்துக்கு வேகமாக இழுக்க வேண்டும். ஐந்தாறு இழுப்பில் நின்றுவிடும். ஒரு சிலிண்டருக்கு ஆறு இழுப்பு என்றால் அடுத்ததற்கும் ஆறேதான். இழுக்கிற ஆளும் ஒரே ஆளாக இருக்கட்டும். முதல் சிலிண்டருக்கு மகனும் இரண்டாவதற்குக் களைத்துப்போன அப்பாவும் இழுத்தால் கேஜ் காட்டும் வித்தியாசம் அப்பாவுக்கும் மகனுக்கும் உள்ளதுதான்.

கேஜிலேயே ஒரு சூட்சுமம் இருக்கிறது. பலருக்கு இது தெரிவதில்லை. காற்றைத் திரும்பவிடாமல் பிடிக்கும் சின்ன வால்வு, ஹோஸின் எந்த முனையில் இருக்கிறது என்று பாருங்கள். பிளக் துளைப் பக்கம் இருந்தால் நல்லது. கேஜ் பக்கம் இருந்தால், ஹோஸுக்குள் இருக்கிற இடம் முழுக்க சிலிண்டரின் இடத்தோடு சேர்ந்துவிடும். 5 மில்லிமீட்டர் உள்விட்டம், 30 சென்டிமீட்டர் நீளம் உள்ள ஹோஸுக்குள் சுமார் 6 சிசி இடம் இருக்கிறது. பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிச்சமிருக்கிற இடம் 25 சிசி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹோஸோடு சேர்ந்து 31 ஆகிவிடுகிறது. கிட்டத்தட்ட கால்வாசி கூடுதல். அந்த அளவுக்கு அழுத்தம் குறைத்துத்தான் காட்டும். சிலிண்டர் சின்னதாக ஆக இந்தப் பொய் பெரிதாகும். கார் எஞ்சினுக்கு ஓரளவு சரியாகக் காட்டும் கேஜ், சின்ன அவுட்போர்டை நோயாளி ஆக்கிவிடுவது இப்படித்தான்.

சரி, என் கேஜில் என்ன வந்தது? மேல் சிலிண்டர் 88. கீழ் சிலிண்டர் 64.

அங்கிள் முகம் மலர்ந்து உடனே வாடியது. "அதுவும் 150 இல்லையே மேன்?"

150 என்பது கார்க்காரர் கணக்கு. ஃபோர் ஸ்ட்ரோக் கார் எஞ்சினுக்கு அது சரி. டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் மேலே ஏறத் தொடங்கும்போது புகை வெளியேறும் துளை திறந்தே இருக்கும். பிஸ்டன் அதைத் தாண்டி மூடிய பிறகுதான் அழுத்தமே தொடங்குகிறது. அதனால் முழு ஸ்ட்ரோக்கும் கணக்கில் வராது. அதோடு ஐம்பது அறுபதுகளின் எஞ்சின்களை அன்றைய பெட்ரோலுக்குத் தகுந்தபடி மென்மையாகத்தான் அமைத்தார்கள். அந்தக் கால அவுட்போர்டுகள் 60-இலிருந்து 90 வரை காட்டிக்கொண்டு சமர்த்தாக ஓடுகின்றன. பிரிட்டிஷ் சீகல் மாதிரியான பழசுகள் அதற்கும் கீழே. மண்ணெண்ணெய் மாடல்களில் கம்ப்ரஷனை வேண்டுமென்றே குறைத்து வைத்திருப்பார்கள், இல்லாவிட்டால் எஞ்சின் தட்டும். சித்தப்பா எஞ்சினுக்குப் பெட்ரோல் எஞ்சினின் எண்ணை ஒப்பிட்டுத் தீர்ப்பு சொல்லியிருப்பார்களோ என்று எனக்கு இன்றும் சந்தேகம் உண்டு.

ஆகவே 88 என்பது ஆரோக்கியம். பிரச்சினை 88-க்கும் 64-க்கும் நடுவில் இருக்கிற 24-இல். சிலிண்டர்களுக்குள் பத்து சதவீதம் வரை வித்தியாசம் இருந்தால் பேசாமல் ஓட்டலாம். இது 27 சதவீதம். தனி எண்ணைவிட இந்த இடைவெளிதான் உண்மையைச் சொல்லும், ஏனென்றால் கேஜ் பொய் சொன்னாலும் இரண்டு சிலிண்டருக்கும் ஒரே பொய்யைத்தான் சொல்லும். மெக்கானிக் எடுத்த 55, 40-ஐயே பாருங்கள். அதிலும் இடைவெளி 27 சதவீதம்தான்! அவருடைய தப்பான கேஜே சரியான தகவலைக் கையில் கொடுத்திருக்கிறது. அவர் படிக்கவில்லை.

இந்த இடைவெளியைப் படிக்கும் விதத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இரண்டும் ஒரே மாதிரி குறைவாக இருந்தால் முதலில் கேஜையும் முறையையும் சந்தேகப்படுங்கள். அவை சரி என்றால் ஹெட் கேஸ்கட். இரண்டு சிலிண்டருக்கும் நடுவில் கேஸ்கட் எரிந்துபோனால் ஒன்றின் அழுத்தம் இன்னொன்றுக்குள் ஓடிவிடும், இரண்டும் சேர்ந்து படுக்கும். சித்தப்பா எஞ்சினில் நடந்தது இதுதான். மற்ற சிலிண்டரின் பிளக்கைக் கழற்றியபோது ஒரு எண்ணும், மாட்டியபோது வேறு எண்ணும் வந்தால் சந்தேகமே வேண்டாம். பிளக்கின் முனை ஒன்று மட்டும் ஆவியில் கழுவியது மாதிரி பளிச்சென்று இருந்தால் அந்த சிலிண்டருக்குள் தண்ணீர் வருகிறது, அதுவும் கேஸ்கட் பக்கம்தான் கை காட்டும். ஒரு சிலிண்டர் மட்டும் குறைந்தால் அதன் ரிங், பிஸ்டன், போர் என்று உள்ளே போக வேண்டும்.

உள்ளே போகுமுன் எல்லோரும் செய்கிற ஒரு சோதனை: பிளக் துளையில் கொஞ்சம் ஆயில் விட்டுத் திரும்ப அளப்பது. ஆயில் ரிங்கைச் சுற்றி நின்று அடைத்துக்கொள்ளும். எண் ஏறினால் ரிங் பழுது, ஏறாவிட்டால் கசிவு வேறு எங்கோ. கார் ஒர்க்‌ஷாப்பில் இது அரிச்சுவடி. அவுட்போர்டில் அப்படியே செய்தால் ஏமாந்துபோவோம். ஏன் தெரியுமா? இதில் கிராங்க் செங்குத்தாக நிற்கிறது, சிலிண்டர்கள் படுத்திருக்கின்றன. விட்ட ஆயில் சிலிண்டரின் அடிப்பக்கத்தில் தேங்கிவிடும், மேல் பாதி ரிங்குக்குப் போகவே போகாது. ரிங் தேய்ந்திருந்தும் எண் ஏறாமல் போகலாம்.

இதற்கு எஞ்சினை முழுக்கத் தூக்கிச் சாய்க்க வேண்டும், கரைக்கு வந்ததும் புரொப்பெல்லரைத் தூக்கி வைப்போமே அப்படி. அப்போது பிளக் துளைகள் வானத்தைப் பார்க்கும். அதற்கு முன் காலில் நிற்கும் தண்ணீர் முழுக்க வடியும்வரை நேராக நிறுத்தி வையுங்கள், இல்லாவிட்டால் அது தலைக்குள் இறங்கும். இன்னொரு விஷயம், ஆயில் தானும் இடத்தை அடைக்கும். ஒரு டீஸ்பூன் 5 சிசி. 25 சிசி இடத்தில் 5 சிசி ஆயில் நின்றால் ரிங் எப்படி இருந்தாலும் எண் ஏறத்தான் செய்யும். அதனால் இரண்டு சிலிண்டரிலும் ஒரே அளவு, அரை டீஸ்பூன் விட்டு, எது எவ்வளவு ஏறுகிறது என்று ஒப்பிட வேண்டும்.

மேல் சிலிண்டர் 88-இலிருந்து 93. கீழ் சிலிண்டர் 64-இலிருந்து 84. ஆக, ரிங்.

ரிங் என்றால் உடனே புது ரிங், போரிங் என்று போய்விட வேண்டாம். ரிங் தேய்ந்தும் இருக்கலாம், கரி பிடித்துக் காடிக்குள் ஒட்டிக்கொண்டும் இருக்கலாம். கேஜுக்கு இரண்டும் ஒன்றுதான். செலவில் மட்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். கண்ணால் பார்த்தால்தான் தெரியும். டூ ஸ்ட்ரோக்கில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது. பக்கவாட்டில் கவரைக் கழற்றினால் துளை வழியே பிஸ்டனையும் ரிங்கையும் பார்க்கலாம், ஹெட்டைத் தொட வேண்டாம். ஃப்ளைவீலை மெதுவாகச் சுற்றி ரிங் துளைக்கு நேரே வரும்போது மரக்குச்சியால் அழுத்திப் பாருங்கள். நல்ல ரிங் உள்ளே போய் ஸ்பிரிங் மாதிரித் திரும்ப வரும். ஒட்டிய ரிங் கல்லு மாதிரி நிற்கும்.

(சொல்வது சுலபம். உப்புக் காற்றில் அறுபது வருஷம் இருந்த போல்ட்டுகள். அலுமினியத்துக்குள் எஃகு ஒட்டிப்போய் உட்கார்ந்திருக்கும். சூடு காட்டி, தட்டி, சூடு காட்டி, தட்டி, பொறுமையாகத் திருப்ப வேண்டும். அப்படியும் ஒன்று முறிந்தது. அதை டிரில் போட்டு எடுக்க அடுத்த ஞாயிறு முழுக்கப் போனது. வீட்டில் கிடைத்த மரியாதையை இங்கே எழுத முடியாது.)

கீழ் சிலிண்டரில் இரண்டு ரிங் கல்லாக இருந்தன. போர் சுவரில் கீறல் இல்லை, பிஸ்டன் பக்கவாட்டில் தேய்ப்பு இல்லை. டீசலும் ஏடிஎஃப் ஆயிலும் பாதிப் பாதி கலந்து, சாய்த்து வைத்த எஞ்சினின் பிளக் துளை வழியே ஊற்றி மூன்று ராத்திரி ஊறவைத்தோம். காலையும் மாலையும் அங்கிள் ஃப்ளைவீலைக் கொஞ்சம் கொஞ்சம் அசைத்துவிட்டார், குழந்தைக்குக் கால் பிடித்துவிடுவது போல. நாலாம் நாள் மரக்குச்சிக்கு ஒரு ரிங் அசைந்தது. ஆறாம் நாள் இன்னொன்று. பிளக்கைக் கழற்றிவைத்துக் கயிற்றை இழுத்துக் கறுப்புச் சாற்றை வெளியேற்றினோம் (எதிரே நிற்காதீர்கள், என் வெள்ளைச் சட்டை ஒன்று போனது). புது கேஸ்கட் போட்டுக் கவரை மாட்டி டிரம்மில் ஓட்டினோம். தெருவே புகை. அரை மணி கழித்து அளந்தால் 88, 79. இரண்டு வாரம் ஆற்றில் ஓட்டிய பிறகு 89, 84.

இந்த இடத்தில் பதிவை முடித்தால் நான் பெரிய கை என்று நினைத்துக்கொள்வீர்கள். அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு ஐந்தாறு வருஷம் முன்னால் ஒரு நண்பரின் எஞ்சினில் இதே மாதிரி ஒரு சிலிண்டர் குறைவாக இருந்தது. ஆயில் சோதனையில் எண் ஏறியது. "ரிங் ஒட்டியிருக்கும், ஊறவைத்தால் போதும்" என்று திறந்து பார்க்காமலே அடித்துச் சொன்னேன். ஊறவைத்து ஓட்டினார். நாலாவது தடவை ஆற்று நடுவில் எஞ்சின் இறுகி நின்றது. நல்லவேளை, ஏற்றம் இல்லாத நேரம், துடுப்பு போட்டுக் கரை சேர்ந்தார். திறந்தால் பிஸ்டனின் புகைத்துளைப் பக்கம் முழுக்க உரசிப்போய், அலுமினியம் சிலிண்டர் சுவரில் அப்பியிருந்தது. என் வாய்ச்சவடாலுக்கு அவர் போரிங்கும் புது பிஸ்டனும் போட்டார். அந்த மெக்கானிக்குக்கும் எனக்கும் அன்றைக்கு என்ன வித்தியாசம்? அவர் எண்ணைப் பார்த்துச் செத்தது என்றார், நான் எண்ணைப் பார்த்துப் பிழைத்தது என்றேன்.

அதைவிட முக்கியம், பிஸ்டன் ஏன் உரசியது என்று அப்போதும் நாங்கள் கேட்கவில்லை. கார்புரேட்டர் ஜெட் பாதி அடைத்திருந்தது. டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடுதான் ஆயிலும் வருகிறது. பெட்ரோல் குறைந்தால் சூடும் ஏறும், வழுக்கலும் போகும். புது பிஸ்டன் போட்டும் ஜெட்டைக் கவனிக்காவிட்டால் அதுவும் அதே வழியில்தான் போகும். கம்ப்ரஷன் குறைவு என்பது காய்ச்சல் மாதிரி. ரிங் மாற்றுவது காய்ச்சல் மாத்திரை.

இன்றைக்கு இது இன்னும் அவசரமான விஷயம். 2025-இலிருந்து நாடு முழுக்க பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் ஆக்சிஜன் உண்டு, அதனால் அதே ஜெட்டில் கலவை மெலிந்துபோகிறது. ஈரத்தை உறிஞ்சும், மாதக்கணக்கில் டேங்கில் நின்றால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் போய் உட்காரும். பழைய ரப்பர் ஹோஸையும் டயஃப்ரமையும் ஊறச் செய்யும். டேங்கில் வருஷக்கணக்காக ஒட்டியிருந்த பிசினைக் கரைத்து ஜெட்டுக்குக் கொண்டுவரும். சீசன் முடிந்ததும் டேங்கையும் கார்புரேட்டரையும் காலி செய்யாமல் எஞ்சினை மூடிவைக்கிறவர்கள், அடுத்த வருஷக் கம்ப்ரஷன் டெஸ்ட்டுக்கு இப்போதே அட்வான்ஸ் கட்டுகிறார்கள் என்று அர்த்தம்.

அங்கிள் எஞ்சினில் கரி பிடித்ததற்குக் காரணம் வேறு. பைக்குக்குப் போடும் டூ டி ஆயிலைக் கலந்திருக்கிறார், அதுவும் "கொஞ்சம் கூடப் போட்டா நல்லதுதானே" என்று தாராளமாக. பைக் எஞ்சின் காற்றில் குளிர்வது, மிகுந்த சூட்டில் ஓடுவது. அதற்கான ஆயிலில் சாம்பல் விடும் சரக்குகள் இருக்கும். தண்ணீரில் குளிரும் அவுட்போர்டுக்கு டிசி-டபிள்யூ3 என்று டப்பாவில் போட்ட சாம்பலற்ற ஆயில் வேண்டும். கலக்கும் விகிதமும் எஞ்சினின் வயதைப் பொறுத்தது. ஜான்சன், எவின்ரூட் எஞ்சின்களில் 1964-க்கு முந்தியவற்றில் பெரும்பாலானவைக்கு 24-க்கு 1, அதற்குப் பிந்தியவற்றுக்குப் பொதுவாக 50-க்கு 1. பழசுக்கு 50-க்கு 1 போட்டால் பேரிங் போகும். புதுசுக்கு 24-க்கு 1 போட்டால் கரி சேரும். அங்கிள் குத்துமதிப்பாக ஊற்றிக்கொண்டிருந்தது 20-க்கு 1. இப்போது அளவுக் குவளை வாங்கியிருக்கிறார்.

இன்னொன்று, சுருக்கமாக. மேலே 90 காட்டியும் எஞ்சின் ஓடாமல் அடம்பிடிக்கலாம். டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்குக் கீழேயும் ஓர் அழுத்தம் வேண்டும், கிராங்க் கேஸில். கிராங்க் சீல் போனாலோ ரீட் வால்வு இதழ் உடைந்தாலோ அது கசியும். கார்புரேட்டர் வாயிலிருந்து பெட்ரோல் திருப்பித் துப்பினால் ரீட் பக்கம் பாருங்கள். பிளக் துளையில் வைக்கும் கேஜுக்கு இது எதுவும் தெரியாது.

"இத்தனை பாடு எதற்கு, புதுசு வாங்கிவிடலாமே?" என்று கேட்பவர்கள் உண்டு. பிழைப்புக்காகக் கடலுக்குள் போகிறவருக்கு நான் பழைய எஞ்சினைச் சிபாரிசு செய்ய மாட்டேன். காற்று மாறும் நேரத்தில் பழம்பெருமை கரை சேர்க்காது. சித்தப்பாவும் எப்படியும் சில வருஷத்தில் புது எஞ்சின் வாங்கத்தான் வேண்டியிருந்திருக்கும். ஆனால் எப்போது வாங்குவது என்பதை அவர் தீர்மானித்திருக்க வேண்டும். கடன் வாங்காமல், மீன் நன்றாகப் பட்ட ஒரு சீசனுக்குப் பிறகு வாங்கியிருக்கலாம். யாரோ இரண்டு தடவை இழுத்துப் பார்த்த கயிறு அதைத் தீர்மானித்தது.

நம்மில் பலருக்குப் படகு இருக்காது. ஆனால் ஊரில் திண்ணை ஓரமாக அப்பாவின் டிவிஎஸ் 50-யோ, மாமாவின் யெஸ்டியோ, ஆர்எக்ஸ் 100-ஓ தார்ப்பாய் போட்டு நிற்கும். லீவில் போகும்போது "எஞ்சின் போச்சாம்பா, குடுத்துடலாமா?" என்று போனிலேயே கேட்பார்கள். நாமும் இங்கிருந்தே "குடுத்துடுங்க" என்று சொல்லிவிடுவோம். அதுவும் டூ ஸ்ட்ரோக்தான். கேஜை யார் வைத்தார், எப்படி வைத்தார், எதனால் குறைந்தது என்றாராம் என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். பதில் வராவிட்டால் நீங்கள் ஊருக்குப் போகும்வரை தார்ப்பாய் அப்படியே இருக்கட்டும்.

அங்கிள் எஞ்சின் மூடியின் உட்புறத்தில் மார்க்கரால் தேதி போட்டு இரண்டு எண்களை எழுதி வைத்திருக்கிறார். முதல் வரி 88, 64. இரண்டாவது 89, 84. இந்த மே மாதம் மூன்றாவது வரி எழுதினோம்: 88, 85. இழுத்தது நான், படித்தது அவர். கண்ணாடியை மறந்துவிட்டு வந்ததால் முதலில் 35 என்று படித்து என் வயிற்றைக் கலக்கினார்.

பி.கு: கேஜ் வாங்குபவர்கள் கவனத்துக்கு. திருகு வகையாக, வால்வு பிளக் முனையில் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். பெரும்பாலான பழைய அவுட்போர்டுகளுக்கு 14 மில்லிமீட்டர் மரை. அடாப்டரின் மரை நீளம் உங்கள் பிளக்கின் மரை நீளத்தைத் தாண்டக் கூடாது, தாண்டினால் பிஸ்டன் வந்து முட்டும்.